வெண்கலம் பேசாத மாதம்

காவல் கட்டுப்பாட்டு அறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெண்கலம் என்பார்கள். வயதில் இளையவர்கள் ஓர் அக்கா சேர்த்து வெண்கலக்கா என்பார்கள். வேலைக்கு வந்த முதல் நாளே ஒட்டிக்கொண்ட பெயர் அது. "காவல் அவசர உதவி, சொல்லுங்க!" என்று அவள் முதல் அழைப்பை எடுத்தபோது, அறையின் அந்தக் கோடியில் டீ ஊற்றிக்கொண்டிருந்த ஏட்டு பதறிப்போய்க் கையில் ஊற்றிக்கொண்டார். "யாருப்பா இது, வெண்கலக் கடையில யானை புகுந்த மாதிரி?" என்று கையை உதறினார். நாளடைவில் யானை போயிற்று, கடையும் போயிற்று, வெண்கலம் மட்டும் தங்கிவிட்டது.

அந்தக் குரல் பிறவியிலேயே வந்தது. இந்த வேலைக்கு முன்பு அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். அங்கே மைக் பழுதானால் பயணிகளுக்குத் தெரியாது. அவளுக்கும் பல நாள் தெரியாது. கட்டுப்பாட்டு அறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தேர்வு எழுதினாள், தேறினாள், காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். பிறகு அதைக் கழற்ற மனம் வரவில்லை.

வேலை என்னவென்று கேட்டால் அவள் ஒரே வரியில் சொல்லுவாள்: "ஜனங்க பதறுவாங்க, நாங்க பதறக் கூடாது." சொல்வது சுலபம். ஆபத்தில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் சொல்லுவார்கள், எங்கே இருக்கிறோம் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். "எங்க இருக்கீங்க?" என்றால் "வீட்டுலதான்" என்பார்கள். "வீடு எங்க இருக்கு?" என்றால் "இங்கதாங்க" என்பார்கள். அவர்கள் கோபித்துக்கொள்ளாமல், அழாமல், லைனைத் துண்டித்துவிடாமல், அந்த "இங்க" எங்கே என்று பிடுங்கி எடுத்து, அதைத் திரையில் தட்டி, பக்கத்தில் எந்த ரோந்து வண்டி இருக்கிறதோ அதை அனுப்ப வேண்டும். வண்டி போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதில் வெண்கலம் கெட்டிக்காரி. அவள் குரலைக் கேட்டாலே, ஏதோ ஒரு பெரிய கூட்டம் தன் பக்கம் திரும்பிவிட்டதாக அழைத்தவருக்குத் தோன்றும். சண்டை நடக்கும் வீட்டில் போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, "போலீஸ் வந்துக்கிட்டு இருக்கு, கையைக் கீழே இறக்கு!" என்று இங்கிருந்தே ஒரு அதட்டல் போட்டு ஒருத்தனை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறாள். வண்டி போனபோதும் அவன் கைகட்டி அப்படியே உட்கார்ந்திருந்தானாம்.

அவளுக்குப் பக்கத்து இருக்கை ஐஸுடையது. ஐஸ் என்பதும் அவனுடைய பெயர் இல்லை. ஒல்லியான ஆள், நடுவயது, என்ன வந்தாலும் குரல் ஏறாது. "சார், வீடு தீப்பிடிச்சிருச்சு!" என்று யாராவது அலறினால், "எத்தனையாவது மாடி?" என்று சேமியா விலை கேட்கிற மாதிரி கேட்பான். இரண்டு பேருக்கும் தினமும் ஒரு வாய்ச்சண்டையாவது நடந்தால்தான் பொழுது போகும்.

"ஏண்டா, நீ பேசுறது அந்தப் பக்கம் இருக்கறவனுக்குக் கேக்குதா, இல்ல நீயே பேசி நீயே கேட்டுக்கறியா?"

"நீங்க பேசுறதுக்கு போனே தேவையில்லையேக்கா. ஜன்னலைத் திறந்து வெச்சாப் போதும். அரசாங்கத்துக்கு லைன் செலவு மிச்சம்."

வீட்டிலும் அவளுக்குக் குறை ஒன்றுமில்லை. கணவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். சொந்தமாக ஒரு பழைய கார், அதன் தலையில் பலகை, பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக். சாலையில் பொறுமை போய்க் கத்துவது அவன் தொழிலில் பாதி. தூக்கத்தில்கூட "கிளட்ச்... கிளட்ச்சை விடாதே" என்று முனகுவான். ஒரு தடவை, "நடுரோட்டுல ஒரு கார் நிக்குது, உள்ளே ஒரு ஆள் ஒரு பொண்ணைப் போட்டுக் கத்துறார், என்னன்னு பாருங்க" என்று அவசர எண்ணுக்கே அழைப்பு வந்தது. எடுத்தவன் ஐஸ். காரின் நிறத்தைக் கேட்டான், தலையில் பலகை இருக்கிறதா என்று கேட்டான், பிறகு வெண்கலத்தின் பக்கம் மெதுவாகத் திரும்பினான். "அக்கா, மாமா இன்னிக்கு எந்தப் பக்கம் போயிருக்கார்?"

மாமியார் கூடவே இருந்தாள். காது மந்தம். மெஷின் வாங்கித் தருகிறோம் என்றால் சீறுவாள். "எனக்கா காது கேக்கல? உங்களுக்குத்தான் பேசத் தெரியல. மருமக பேசினா எவ்வளவு தெளிவாக் கேக்குது!" மாமியாரும் மருமகளும் ஒத்துப்போகிற வீடு அபூர்வம் என்பார்கள். அந்த வீட்டில் ஒத்துப்போனதற்குக் காரணம் குரல்தான். கல்லூரிக்குப் போகிற மகள் ஒருத்தி. அவள் தாமதமாக வருகிறேன் என்று போன் செய்தால், "எங்க இருக்கே? பக்கத்துல என்ன தெரியுது? கூட எத்தனை பேரு?" என்று கேள்வி பாயும். "அம்மா, நான் உன் பொண்ணு. புகார் குடுக்கறவ இல்ல" என்று அவள் நொந்துகொள்வாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் தொண்டை மக்கர் செய்தது.

முதலில் கரகரப்பு. வெந்நீர், மிட்டாய், ஆவி பிடித்தல் எல்லாம் நடந்தது. அப்புறம் சொற்களின் தலை காணாமல் போக ஆரம்பித்தது. ஒருநாள் புகை சூழ்ந்த வீட்டில் நின்ற ஓர் அம்மாவிடம் "கதவைத் தொட்டுப் பாருங்க, சுடுதா?" என்று சொல்ல வாயெடுத்தாள். காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றாள், மறுபடியும் காற்று. ஐஸ் ஒரு கையால் தன் அழைப்பை வேறொருவருக்குத் தள்ளிவிட்டு, மறு கையால் அவளுடையதை இழுத்துக்கொண்டான். அந்த அம்மா பத்திரமாக வெளியே வந்தாள். வெண்கலம் மட்டும் கழிப்பறைக்குப் போய், கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து திறந்து பார்த்தாள்.

தொண்டை மருத்துவர் ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டுத் திரையில் காட்டினார். "மண்வெட்டி பிடிக்கறவங்க கையில காய்ப்பு காய்ச்சிருக்குமே, பார்த்திருக்கீங்களா? அது உங்களுக்குக் குரல் நாண்ல காய்ச்சிருக்கு. மருந்து தர்றேன். ஆனா பெரிய மருந்து பேசாம இருக்கறதுதான். ஒரு மாசம். ஒரு வார்த்தை கூடாது."

வெண்கலம் விரலை உதட்டருகே வைத்துச் சைகையில் கேட்டாள்: கிசுகிசுவென்று பேசலாமா?

"அது இதைவிட மோசம்."

கூட வந்திருந்த கணவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை மருத்துவரும் கவனித்தார். "நீங்க அதுக்குள்ள சந்தோஷப்படாதீங்க. ரெண்டு நாள்ல தெரியும்" என்றார்.

இரண்டு நாள் கூட ஆகவில்லை. மாமியாருக்கு வீட்டில் ஒருத்தர் பேசுவதும் கேட்கவில்லை. எல்லோரும் சேர்ந்து தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள். மகன் அருகில் போய், "உங்க மருமகளுக்குத் தொண்டை சரியில்லம்மா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"ஏண்டா கத்துறே? நான் என்ன உன் கிளட்ச்சா?" என்றாள் அவள்.

பால்காரனை நிறுத்திப் பேசுவது, கீழ் வீட்டுக்காரனிடம் தண்ணீர் மோட்டாரைப் போடச் சொல்வது, மகளை எழுப்புவது என்று அந்தக் குரல் செய்துவந்த வேலைகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கணவன் தலையில் விழுந்தன. "சீக்கிரம் பேசித் தொலையேன்" என்று அவனே கெஞ்சுகிற நிலைமை வந்தது. அவள் சிரிக்க மட்டும் செய்தாள். சத்தமில்லாமல் சிரிப்பது எப்படி என்று அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தாள்.

ஆனால் உள்ளுக்குள் பயம். கட்டுப்பாட்டு அறையில் வாய் இல்லாதவளுக்கு என்ன வேலை? பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கிருந்து திரும்பி வருவது குதிரைக்கொம்பு என்று மனதுக்குள் உழன்றுகொண்டே, மருத்துவர் தந்த சீட்டை மேற்பார்வை அதிகாரியிடம் நீட்டினாள். அந்த அம்மா அதைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். "வாய்க்குத்தானே லீவு கேட்டிருக்காங்க? காதுக்கு இல்லையே. கைக்கும் இல்லையே. வரைபடத்துக்கு முன்னால உட்காரு. எந்த வண்டி எங்க இருக்குன்னு பாரு, வண்டிகளுக்குப் போற உத்தரவைத் தட்டு. ஐஸோட லைனையும் ஒரு காதுல மாட்டிக்க. உன் காது சும்மா இருந்தா எனக்குப் பிடிக்காது."

அப்படியாக அவள் வலது காதில் ஐஸின் அழைப்புகள், இடது காதில் ரோந்து வண்டிகளின் வயர்லெஸ். மடியில் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும்.

முதல் சில நாள் அது பெரிய தண்டனையாக இருந்தது. ஐஸ் ஒரு கேள்வி கேட்டால் அவளுக்கு அடுத்த கேள்வி நாக்கு நுனியில் வந்து நிற்கும். பல்லைக் கடித்துக்கொள்வாள். மேசையில் தாளம் போடுவாள். "அக்கா, நீங்க வாயைத் திறக்கலைன்னாலும் எனக்குக் கேக்குது" என்பான் ஐஸ்.

போகப் போக ஒன்று புரிந்தது. அடுத்து என்ன கேட்பது என்று யோசிக்க வேண்டியதில்லாததால், காதுக்குள் நிறைய இடம் இருந்தது. பேசுகிறவரின் பின்னால் குழாய் சொட்டுவது கேட்டது. லிஃப்ட் மணி கேட்டது. இரண்டு வீடு தள்ளி யாரோ துணி துவைப்பது கேட்டது. ஒருத்தி "ஒண்ணுமில்லைங்க, கை தவறிப் பட்டுருச்சு" என்றபோது, அவள் மூச்சுக்குப் பக்கத்தில் இன்னொரு மூச்சு இருந்தது. வெண்கலம் பலகையில் எழுதி நீட்டினாள்: பக்கத்தில் ஆள் நிற்கிறான். ஐஸ் அதைப் பார்த்துவிட்டு, ஆமாம் இல்லை என்று மட்டும் பதில் சொல்லும்படியாகக் கேட்டான். எல்லாவற்றுக்கும் ஆமாம் வந்தது. வண்டி போயிற்று. நல்லவேளை, சரியான சமயத்தில் போயிற்று.

அதன் பிறகு ஐஸ் ஒவ்வொரு அழைப்பிலும் ஓரக்கண்ணால் பலகையைப் பார்க்கத் தொடங்கினான். பார்க்காத மாதிரி பார்ப்பான்.

மாதம் பாதி கழிந்திருந்தது. ஒரு விடுமுறை நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே கண்ணயர்ந்திருந்த நேரம். அறையில் அழைப்புகள் குறைவு. அப்போது ஐஸின் லைனில் ஒரு குரல் வந்தது. நாக்குத் தடித்த குரல். குடித்தவன் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"சார்... கண்ணு இருட்டிக்கிட்டு வருது சார்."

"எங்க இருக்கீங்க?" என்றான் ஐஸ்.

"வண்டில."

"வண்டி எங்க நிக்குது?"

"கிடங்கு... பெரிய கிடங்கு. சாம்பல் கலர் ஷட்டர். சரக்கு இறக்க வந்தேன். லாரி டிரைவர் சார் நான். இங்க ஆளே இல்ல. லீவாம்."

"போர்டு ஏதாவது தெரியுதா?"

"போர்டு இருக்கு. எழுத்தெல்லாம் ஆடுது."

"எந்த வழியா வந்தீங்க?"

"எனக்கு இந்த ஊரு புதுசு. எங்க கம்பெனி வண்டி இன்னொண்ணு முன்னால போச்சு, அது பின்னாலயே வந்தேன். அது எங்கேயோ திரும்பிடுச்சு." நீளமாக ஒரு மூச்சு. "சர்க்கரை இருக்கு சார் எனக்கு. ஊசி போட்டுக்கிட்டேன். சாப்பிடலாம்னு பார்த்தா ஒரு கடை இல்ல."

குடி இல்லை. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்ததால் உடம்பில் சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறது. ஐஸின் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது, ஆனால் விரல்கள் வேகமாக ஓடின. ஆம்புலன்சுக்குச் சொன்னான். லாரி எண்ணைக் கேட்டு வாங்கினான். வண்டியில் மிட்டாயோ சர்க்கரையோ இருக்கிறதா என்று கேட்டான். "தண்ணிதான் இருக்கு" என்றது குரல்.

அவனுடையது பொத்தான் வைத்த பழைய போன். அது இருக்கும் இடத்தைச் சரியாகக் காட்டாது. டவர் கணக்கு மட்டும் வரைபடத்தில் ஒரு பெரிய வட்டமாக விழுந்தது. வட்டத்துக்குள் முழுத் தொழிற்பேட்டையும் அடங்கியது. கோடு போட்ட தாள் மாதிரி சந்து சந்தாகக் கிடங்குகள். அத்தனைக்கும் சாம்பல் ஷட்டர். விடுமுறை என்பதால் சந்துக்குச் சந்து லாரிகள் வரிசை கட்டி நின்றன. அவனுடைய கம்பெனி எண்ணுக்குப் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வெண்கலம் பக்கத்திலிருந்த ரோந்து வண்டிகள் எல்லாவற்றையும் பேட்டைக்குத் திருப்பினாள். இடது காதில் சைரன்கள் கிளம்பின. வலது காதில் டிரைவரின் பேச்சு குழைந்துகொண்டே போயிற்று. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஐஸ் கேட்டதற்கு, "சரக்கு நனையாம பார்த்துக்கங்க" என்றான். அதற்குப் பிறகு தடாலென்று ஒரு சத்தம். போன் கீழே விழுந்துவிட்டது. லைன் மட்டும் திறந்தே இருந்தது.

"டிரைவரண்ணே, கேக்குதா?" என்றான் ஐஸ். பதில் இல்லை.

அவன் ஹெட்செட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். வெண்கலமும் மூடினாள். எங்கேயோ ஒரு தகரம் காற்றில் அடித்துக்கொண்டது. எஞ்சின் சூடு ஆறுகிற டிக் டிக். மூச்சு. பிறகு, கொசு ரீங்காரம் மாதிரி ஒன்று. அவள் காதில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தாள். ஏனென்றால் அதே ஓசை இடது காதில் பெரிதாகவும் வலது காதில் பொடியாகவும் வந்தது. மறுகணம் வலது காதில் தேய்ந்து மறைந்துவிட்டது. இடது காதில் மட்டும் அலறிக்கொண்டிருந்தது.

சைரன். ஏதோ ஒரு வண்டி அவனுக்குப் பக்கமாகப் போய், தெரியாமல் வேறு சந்தில் திரும்பிவிட்டது.

அவள் மேசையை ஓங்கி ஒரு அறை அறைந்தாள். அறையே திரும்பியது. பலகையில் எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி விழ எழுதினாள்: சைரன் போனில் கேட்கிறது. எல்லாரையும் அணைக்கச் சொல். ஒவ்வொரு வண்டியாகப் போடச் சொல்.

ஐஸ் படித்த வேகத்தில் பலகையை மேற்பார்வை அதிகாரிக்குத் தூக்கிக் காட்டினான். அந்த அம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை. வயர்லெஸ் மைக்கைக் கையில் எடுத்தார். "பேட்டைக்குள்ள இருக்கற எல்லா வண்டியும் நின்ன இடத்துல நில்லுங்க. சைரனை அணைங்க. நான் சொல்ற வண்டி மட்டும் போடணும்." பிறகு அறையைப் பார்த்து, "அந்த ஃபேனை நிறுத்துங்கப்பா" என்றார்.

முதல் வண்டி போட்டது. வெண்கலம் தலையை ஆட்டினாள், இல்லை. இரண்டாவது வண்டி. இல்லை. மூன்றாவது வண்டி போட்டதும் அவள் கை மேலே எழுந்தது. இருக்கிறது, ஆனால் தூரம்.

"மூணாவது, சைரனோட மெதுவா முன்னால போங்க."

அவள் உள்ளங்கையைத் தண்ணீர் மட்டம் மாதிரி பிடித்துக்கொண்டாள். ஓசை ஏறினால் கை ஏறியது, இறங்கினால் இறங்கியது. அதிகாரி அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து வண்டியை ஓட்டினார். "இடது திரும்புங்க." கை இறங்கியது. "வேண்டாம், பின்னால வாங்க. வலது." கை ஏறியது. தோளைத் தாண்டியது, தலையைத் தாண்டியது.

"மேடம், இந்தச் சந்து பூரா லாரிதான்" என்றது மூன்றாவது வண்டி. "ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்குது. நம்பர் தெரியல. இறங்கித்தான் பார்க்கணும்."

அதே நேரம் வலது காதில் மூச்சு மாறியது. குறட்டை மாதிரி, இடைவெளி விட்டு விட்டு. அந்த மூச்சை அவள் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறாள். அதைக் கேட்டால் அவள் என்ன செய்வாள் என்பது அந்த அறைக்கே தெரியும். ஒரு கத்தல் கத்துவாள். செத்தவனும் எழுந்து உட்காருவான். அவளுக்கே தெரியாமல் தொண்டை விரிந்தது, நெஞ்சில் காற்று நிறைந்தது. அவள் உள்ளங்கையால் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டாள். வந்தாலும் வெறும் காற்றுதான் வரும் என்று அவளுக்குத் தெரியும். மறு கையால் பலகையில் ஒரே சொல் எழுதி ஐஸின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

கத்து.

"என்னது?" என்றான் ஐஸ்.

அவள் சொல்லுக்கு அடியில் பலகை கீச்சிடக் கோடு போட்டாள்.

ஐஸ் எழுந்து நின்றான். கழுத்து நரம்பு புடைத்தது. "டிரைவரண்ணே! ஏய், எழுந்திரு! ஹாரனை அழுத்து! கையைத் தூக்கி ஹாரன்ல வை!"

அத்தனை வருடத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததை யாரும் கேட்டதில்லை. ஏட்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். ஐஸ் மறுபடி கத்தினான். குரல் இரண்டாகக் கிழிந்தது. மறுபடியும் கத்தினான். "ஹாரன்! ஹாரன்!" கீழே விழுந்து கிடந்த அந்தச் சின்ன போன் லாரிக் கூண்டுக்குள் அவனுடைய கத்தலை எப்படித்தான் கொண்டுபோய்ச் சேர்த்ததோ, ஏதோ உரசும் சத்தம் கேட்டது. பிறகு ஹாரன். விடாத, நீளமான, காதைப் பிளக்கும் லாரி ஹாரன்.

"கேட்டுருச்சு!" என்று இடது காதில் கான்ஸ்டபிள் அலறினார். "மேடம், கேட்டுருச்சு! பின்னால இருந்து மூணாவது லாரி!"

ஓட்டச் சத்தம், கதவைத் திறக்கும் சத்தம், "அண்ணே, கண்ணைத் திறங்கண்ணே" என்ற குரல் எல்லாம் இரண்டு காதிலும் ஒன்றாக வந்தன. ஹாரன் நின்றது. கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். நரம்பு வழியாகச் சர்க்கரையை ஏற்றினார்கள். "மூச்சு சீராயிருச்சு. முழிச்சுப் பார்க்கறார். லாரிச் சாவி எங்கன்னு கேக்கறார்" என்று யாரோ சொன்னபோது அறையில் கைதட்டல் எழுந்தது. அதிகாரி, "சரி சரி, லைன்ல ஆள் காத்திருக்காங்க" என்று அதட்டினார், ஆனால் அவரும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஐஸ் உட்கார்ந்தான். பேச வாயைத் திறந்தால் கட்டைக் குரல்தான் வந்தது. வெண்கலம் தன் மிட்டாய் டப்பாவை அவன் பக்கம் தள்ளிவிட்டுப் பலகையில் எழுதினாள்: தொண்டைக்கு ஒரு மாதம் லீவு போடு. அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவளுக்கு எப்போது அழுகை வந்தது என்று தெரியவில்லை. சத்தமில்லாமல் வந்ததால் யாரும் கவனிக்கவில்லை. அவளும் வந்தது வரட்டும் என்று விட்டுவிட்டு வரைபடத்தைப் பார்த்தாள். அந்த வண்டிகளையெல்லாம் அதனதன் பகுதிக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

மாதம் முடிந்தது. மருத்துவர் மறுபடி குழாயை விட்டுப் பார்த்து, "நல்லா வத்திருச்சு. இப்ப மெதுவா ஏதாவது பேசுங்க" என்றார். முதல் வார்த்தை என்னவாக இருக்க வேண்டும் என்று அவள் பல நாள் யோசித்து வைத்திருந்தாள். எல்லாம் மறந்துபோயிற்று.

"சரி" என்றாள்.

"ஒரு மாசமா சேர்த்து வெச்சது இவ்வளவுதானா?" என்றான் கணவன்.

குரல் முன்போல் இல்லை. ஒரு படி இறங்கி, ஓரத்தில் கொஞ்சம் சொரசொரப்போடு இருந்தது. இனிமேல் கத்தக் கூடாது என்பது மருத்துவரின் கண்டிப்பு. மாமியாருக்கு இந்தப் புதுக் குரல் சுத்தமாகக் கேட்கவில்லை. சில நாள் முறைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு மகனைக் கூப்பிட்டு, "போனாப் போகுது, அந்த மெஷினை வாங்கிட்டு வா. மருமக என்ன சொல்றான்னு தெரியாம எனக்குப் பொழுதே போகல" என்றாள். மாட்டிக்கொண்ட முதல் நாளே வீட்டைச் சுற்றி வந்து, ஃபேன் சத்தம், குழாய்ச் சத்தம், பேத்தி போனில் பேசுகிற சத்தம் எல்லாவற்றுக்கும் குறை சொன்னாள். இரவுச் சாப்பாட்டில் வழக்கம்போல் ஏதோ முணுமுணுத்த மகனை முறைத்து, "நீ இத்தனை வருஷமா எனக்குப் பின்னால முணுமுணுத்தது எல்லாம் இதுதானா?" என்றாள். அவனுக்குப் புரையேறியது.

கட்டுப்பாட்டு அறையில் வெண்கலம் மறுபடியும் அழைப்புகளை எடுக்க ஆரம்பித்தாள். சிக்கலான அழைப்பு என்றால், ஒருவர் பேச இன்னொருவர் சும்மா கேட்பது என்று அதிகாரி ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். பெரும்பாலும் ஐஸ் பேசினால் அவள் கேட்டாள், அவள் பேசினால் ஐஸ் கேட்டான். அவனுடைய காதும் லேசுப்பட்டதில்லை என்பது அவளுக்கு இத்தனை காலம் கழித்துத்தான் தெரிந்தது. வாய்ச்சண்டை மட்டும் குறையவில்லை. "வெண்கலம் உருகிப் பித்தளையாயிடுச்சு" என்பான் அவன். "ஐஸ் உருகித் தண்ணியாப் போனதை நாங்க பார்த்தாச்சு" என்பாள் அவள்.

ஒரு காலை வேளையில் அவள் எடுத்த அழைப்பில் ஓர் ஆண் குரல், தெளிவான குரல். "மேடம், நான் அந்த லாரி டிரைவர். அன்னிக்குக் கிடங்குல..."

அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் இது அவசர எண். "உங்களுக்கு இப்ப ஏதாவது ஆபத்தா?"

"ஐயோ, இல்ல மேடம். நல்லா இருக்கேன். நன்றி சொல்லத்தான்..."

"அண்ணே, இந்த லைன்ல நன்றி சொல்லக் கூடாது. யாருக்காவது அவசரமா வேணும். ஆபீஸ் நம்பர் தர்றேன், எழுதிக்கங்க."

"எழுதிக்கறேன், எழுதிக்கறேன். ஒரே ஒரு கேள்வி மேடம். காதுல இடி மாதிரி கத்தினாரே ஒருத்தர், அவரு இருக்காரா?"

அவள் பக்கத்தில் பார்த்தாள். ஐஸ் யாரிடமோ தொலைந்த நாயின் நிறத்தைத் தணிந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தான். "இருக்கார். சொல்லிடறேன்."

"அப்ப நீங்க?"

"நான் அன்னிக்குச் சும்மா இருந்தேன்" என்றாள் வெண்கலம். எண்ணைச் சொன்னாள். "வேளாவேளைக்குச் சாப்பிடுங்க. வண்டில எப்பவும் மிட்டாய் வெச்சுக்கங்க. வெக்கட்டுமா?" என்று லைனைத் துண்டித்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாள்.

அன்று ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது, வாசல் கேட்டை அடைத்துக்கொண்டு கணவனின் கார் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்மணி, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தபடி. பின்னால் ஒரு காவல் வண்டி வழி கேட்டு விளக்கை அடித்துக் காட்டியது.

"பயப்படாதீங்கம்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்று கணவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "கிளட்ச்சை மெதுவா... மெதுவாங்கறேன்ல!"

கார் ஒரு குதி குதித்து நின்றது. வெண்கலம் பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடித்துக்கொண்டாள்.

"நீயாவது கொஞ்சம் சொல்லேன்" என்றான் கணவன் திரும்பி.

"எனக்கு இப்ப டியூட்டி இல்ல" என்றாள் அவள். கண்ணை மூடிக்கொண்டாள். கார் இன்னொரு குதி குதித்து, கேட்டைத் தாண்டி, சாலையில் இறங்கியது.